ஓடைப்பாலத்தில் கம்பிக்குக் காவல்

ராத்திரி ஒன்றே முக்கால். ஐப்பசி மழை. கள்ளிக்காட்டுப் புதூரிலிருந்து ஓடைப்பாலம் தாண்டிப் போகிற அந்த ரோட்டில், அந்நேரத்துக்கு நாய்கூட நடக்காது. ரோடு முடிகிற இடத்தில் துணைமின் நிலையம். எனக்கு இதைச் சொன்ன கொமரவேலுவின் அக்கா வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு அங்கே நைட் ஷிப்ட். தனி ஆள். செல்போன் வராத காலம்.

போன் அடித்தது. எடுத்தார். காசு விழுகிற சத்தம்... கடக்.

"சார், ஆறுக்குட்டி பேசறனுங்க, ஆடு மேய்க்கறவன். டீக்கடை வாசல் காசு போன்லிருந்து பேசறேன். ஓடைப்பாலத்துல கரண்டுக் கம்பி அறுந்து தண்ணில கெடக்குதுங்க. சொர்ருனு சத்தம் வருது. ஆஃப் பண்ணிருங்க."

"சரி, பாக்கறேன். நீ தள்ளியே இரு."

"பாலத்துக்கிட்டயே போய் நிக்கறனுங்க. யாராச்சும் மிதிச்சுப்போட்டாங்கன்னா?"

அந்த லைனை நிறுத்தினால் மில்லும் நின்றுவிடும். போன மாதம்தான் அதற்காக மெமோ வாங்கியிருந்தார். விடியட்டும், லைன்மேனை அனுப்பலாம் என்று நினைத்தார். பதிவேட்டில் எழுதக்கூட இல்லை. மழைக்கு இதமாக... கண்ணயர்ந்துவிட்டார்.

ஆறுக்குட்டி நின்றார். தலையில் மழைக்குச் சாக்கை மடித்துப் போட்ட கொங்காடை. மூன்று மணி நேரம். வந்த ஒன்றிரண்டு பேரையும் கத்தித் திருப்பி அனுப்பினார். ஐந்து மணிக்குப் பால்காரப் பெண் ஒருத்தி சைக்கிளில் இறக்கத்தில் வந்தாள். ஈரத்தில் பிரேக் பிடிக்கவில்லை. ஓடிப்போய் அவளைத் தள்ளிவிட்டார். அவள் இந்தப் பக்கம் விழுந்தாள். அவர் அந்தப் பக்கம், கம்பி கிடந்த தண்ணீரில்.

காலையில் ஆபீசர் ஜீப்பில் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

"போன் வந்துச்சா?"

சென்னியப்பன் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"வரலைன்னு எழுதிக் குடு. மழை, காத்து, கம்பி அறுந்துச்சு. அந்த ஆளாப் போய் விழுந்தான். வந்துச்சுன்னு சொன்னா உன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு. புள்ளகுட்டிக்காரன்யா நீ."

எழுதிக் கொடுத்தார்.

நஷ்டஈடு கிடையாது என்று தாள் போனது. பத்தாம் நாள் ஆறுக்குட்டியின் மனைவி பாவாத்தாள் அந்தத் தாளோடு துணைமின் நிலையத்து கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். அழவில்லை.

"ஒன்னே ஒன்னு சொல்லுங்க சாமி. எங்கூட்டுக்காரரு உங்களுக்குப் போன் பண்ணாருங்களா?"

"இல்லம்மா."

"பண்ணிருப்பாருங்க. சொல்லாமப் போய் நிக்கற மனுசன் இல்ல அவரு."

ஆட்டையெல்லாம் விற்று வக்கீல் வைத்தாள். கேஸ் பெரிய கோர்ட்டுக்குப் போனது.

அதற்கு அடுத்த நாள் ராத்திரி... போன்.

கடக்.

வெளியே நிலா. ஒரு பொட்டு மேகம் இல்லை. ரிசீவருக்குள்ளே மழை கொட்டியது.

"சார்... இன்னும் நிக்கறனுங்க. ஆஃப் பண்ணியாச்சுங்களா?"

ரிசீவரின் ஓட்டைகளிலிருந்து நனைந்த ஆட்டுமயிர் வாடை. அடியில் இன்னொரு வாடை... மயிர் பொசுங்குகிற வாடை. சென்னியப்பன் ஓடிப்போய் லைனை ஆஃப் செய்தார். ஊர் இருண்டது. மில்காரன் கத்தினான்.

மறுநாளும் போன். அதற்கு மறுநாளும். ஒயரைப் பிடுங்கிப் போட்டார். பிடுங்கிய ஒயர் தரையில் கிடக்க, போன் அடித்தது. வீட்டிலும் தூக்கம் இல்லை. சோற்றில் கை வைத்தால் பொசுங்கல் வாடை. உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் நடப்பார். "உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று சம்சாரம் கேட்டால் வாசலுக்குப் போய்விடுவார்.

ஒரு ராத்திரி பொறுக்கமாட்டாமல், ஷிப்டை அப்படியே போட்டுவிட்டு டார்ச்சோடு பாலத்துக்குப் போனார். ஓடை காய்ந்து கிடந்தது. கம்பியெல்லாம் மேலே ஒழுங்காக இருந்தது. பாலத்து நடுவில்... கொங்காடை. முதுகு காட்டி, இரண்டு கையையும் விரித்து, ரோட்டை மறித்து ஓர் ஆள். கொங்காடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... விழுந்த இடம் நனையவில்லை.

திரும்பாமலே சொன்னது.

"அங்கயே நில்லுங்க சார். மிதிச்சுருவீங்க."

சென்னியப்பன் டார்ச்சைப் போட்டுவிட்டு ஓடினார். பயம்தான். ஆனால் பயத்தைவிட அந்த வார்த்தைதான் அவரைத் தின்றது. செத்த பிறகும் அந்த ஆள் தன்னை அல்லவா காக்கிறான்!

அடுத்த வாய்தாவுக்குக் கோர்ட்டில் ஏறி நின்றார். ஆபீசர் முறைத்துக்கொண்டிருந்தார்.

"போன் வந்துச்சுங்க அய்யா. ஒன்னே முக்காலுக்கு. நான்தான் ஆஃப் பண்ணலை. பொய் எழுதிக் குடுத்தேன்."

பாவாத்தாள் அப்போதுதான் அழுதாள். மழைமேல் பழிபோட்டுத் தப்பிக்க முடியாது, கம்பி யாருடையதோ பொறுப்பும் அவர்களுடையதுதான் என்று ஜட்ஜ் சொன்னார். நஷ்டஈடு வட்டியோடு வந்தது. சென்னியப்பனை எட்டு மாதம் சஸ்பெண்ட் செய்து, அறுபது மைல் தள்ளி மாற்றல் போட்டார்கள். அந்த எட்டு மாதமும் நன்றாகத் தூங்கினார். உடம்புகூடத் தேறியது.

புது இடத்தில் முதல் ராத்திரி. யாருக்கும் அவரைத் தெரியாது. மூன்று மணி இருக்கும். போன் அடித்தது. மழைச் சத்தம் இல்லை, வாடை இல்லை. நிம்மதியாக எடுத்தார்.

ஒரு பெண் குரல். சின்ன வயசுதான்.

"சென்னியப்பன் அண்ணங்களா? ஆறுக்குட்டி அண்ணன் சொன்னாருங்க... உங்ககிட்டச் சொன்னா நெசத்தை எழுதிக்குவீங்கன்னு. என் பேரு ராமாயி. துணி காயப்போட்ட கம்பில கரண்டு வந்துருச்சுங்க. நானாப் போய்த் தொட்டுச் செத்தேன்னு எழுதிப்போட்டாங்க. எழுதிக்கறீங்களா?"

அவளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. நிறையப் பேர் கால் மாற்றி நிற்கிற சத்தம்.

"கொஞ்சம் சீக்கிரங்கண்ணா... வரிசை ரோடு வரைக்கும் நிக்குது."