பிரிக்காத பலகையின் முதுகு

சுவரின் பத்தாண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் ராங்ஃப்ரிட் அவர்களே! ஃபியோர்டின் அக்கரையிலிருந்து படகேறி வந்த மூத்தோரே! விடிந்ததிலிருந்து வாஃபிள் சுட்டுக் கை சிவந்த தாய்மார்களே! ஈரக் காலணியோடு கதவோரம் நிற்கும் தோழர்களே! அனைவருக்கும் வணக்கம்.

சுவரைப் புகழ அதன் பொறியாளனான என்னை அழைத்தீர்கள். பத்தாண்டாக எந்த விழாவுக்கும் அழைக்காதவர்கள் அழைத்தீர்கள். புகழ்கிறேன். மலைச்சரிவைத் தாங்கி, மழலையர் பள்ளியின் தலைக்கு மேலே நிற்கும் அந்தச் சுவருக்கு எத்தனை அழகிய முகம்! பரிசு வாங்கிய முகம்! முகம் இருக்கிறது, ஐயா, முதுகு இருக்கிறதா?

கான்கிரீட் வார்க்க அடிக்கும் மரச் சென்ட்ரிங் ஒளிக்கத் தெரியாத பிறவி. கான்கிரீட் இறுகியதும் பிரிக்கிறோம். பொந்து இருந்தால் ஊரே பார்க்கும். நம் சுவர் அப்படியா? முன்பே வார்த்த கான்கிரீட் பலகைகளை நிறுத்தினோம். பின்னால் கான்கிரீட் ஊற்றினோம். பலகைகளையே சுவரின் முகமாக விட்டுவிட்டோம். பிரிப்பதே இல்லை. பிரிக்காத பலகைக்குப் பின்னால் பிழை பத்திரமாக இருக்கும். முறை நல்ல முறைதான். மனிதர்கள்?

பலகையின் முதுகு ஈரமாக இருந்தால்தான் புதுக் கான்கிரீட் பற்றும். அதனால் தண்ணீர் தெளிப்பது வழக்கம். அந்த நவம்பர் காலையிலும் தெளித்தார்கள். வழக்கம் தவறவில்லை! பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி குளிர். தெளித்த நீர் தெளித்த இடத்திலேயே கண்ணாடியாய் உறைந்தது.

மேஸ்திரி தூர்கிரிமிடம் ஓடினேன். “ஐஸ் மேலயா கான்கிரீட் ஊத்துற? எப்படிய்யா ஒட்டும்?”

“என்ன இன்ஜினியரே, சுவருக்குக் குளிருதுன்னு கம்பளி பின்னித் தரப் போறீங்களா?” சாரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். “கான்கிரீட்டு சூட்டுல தானா உருகிடும். உருகலைன்னாத்தான் என்ன? பலகையப் பிரிக்கவா போறோம்? எவன் பாக்கப் போறான்?”

பின்வரிசையில் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அன்றும் இப்படித்தான் சிரித்தார்கள்.

சென்ற ஆண்டு சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். பதினொரு பலகைகள் பறைபோல ஒலித்தன. பின்னே வெற்றிடம்! பனி உருகிய நீர் அதில் இறங்கும், இறங்கினால் உறையும், உறைந்தால் பெருக்கும், பெருத்தால் தள்ளும். பலகை ஒவ்வொன்றும் இரண்டு டன். கீழே யார்? நாற்பது குழந்தைகள்! துளையிட்டுப் பாருங்கள் என்று ஊராட்சிக்கு மூன்று முறை எழுதினேன். வந்த பதில் என்ன? சுவரின் முகம் கெட்டுவிடுமாம்!

தலைவர் அவர்களே, கடிகாரத்தைக் காட்டுகிறீர்கள். முடிக்கிறேன்.

“அப்போ நீ ஏன்யா தடுக்கல?” என்கிறார் கதவோரத் தோழர். கேட்டாரே ஒரு கேள்வி! தடுக்கவில்லை. இன்னொரு முறை சிரிப்பார்களே என்று பயந்தேன். ‘பிடிப்பு சரி’ என்று கையெழுத்திட்டேன். எந்தக் கை? இந்தக் கை! தூர்கிரிமை வைதேன், ஊராட்சியை வைதேன், ஊரை வைதேன். என்னை வைய இன்றுதான் மேடை கிடைத்தது.

சபையோரே! அந்தக் கையெழுத்தை உங்கள் முன்னிலையில் திரும்பப் பெறுகிறேன். கடிதம் தலைவரின் மேசையில் இருக்கிறது. பொய்ச் சான்று தந்தவனின் உரிமம் போகும்; போகட்டும். இனி அது சான்றில்லாத சுவர். சான்றில்லாத சுவரின் கீழே பள்ளி நடத்தக் கூடாது என்பது நீங்களே போட்ட விதி. நீங்கள் துளையிட்டாலும் சரி, தூங்கினாலும் சரி. திங்கட்கிழமை அந்தப் பள்ளிக் கதவைத் திறக்க உங்களால் முடியாது.

பெற்றோரே, பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கசப்பைக் கேட்டுப் பொறுத்த காதுகளுக்கு நன்றி. வணக்கம்.