திரும்பும் தேதி

புறப்பட்ட அன்று காலையும் அவர் பாலில்லாத சுலைமானி டீதான் குடித்தார். எங்கள் வீட்டில் தினமும் அரை லிட்டர் பால் வாங்குவோம். எனக்கும் மகள் ரிஃப்காவுக்கும் அது சரியாக இருக்கும். குடித்த கிளாஸை அவரே கழுவி, சமையல் மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினார். திருச்சி விமான நிலையத்துக்கு முத்துப்பேட்டையிலிருந்து மூன்று மணி நேரம். வழியெல்லாம் வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடுகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

என் கணவர் சுஹைபின் தம்பி ஜெக்கரியா நேற்று ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினான். வளைகுடாவிலிருந்து திரும்பிவந்த அவர் பெட்டியில் இருந்ததாம்.

"மச்சி, காக்காவுக்கு ரிட்டர்ன் டிக்கெட் இருந்திருக்கே. ஆகஸ்ட் பன்னெண்டுன்னு தேதி போட்டிருக்கு. அப்புறம் ஏன் வரல?"

அண்ணனை அவன் காக்கா என்றும் என்னை மச்சி என்றும்தான் கூப்பிடுவான். நியாயமான கேள்வி. வாயால் சொன்னால் பாதியில் அழ ஆரம்பித்துவிடுவான் என்பதால் எழுதிக் கொடுக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தின்போது வாப்பா இந்த வீட்டை என் பேரில் எழுதிவைத்தார். மாப்பிள்ளைதான் இங்கே வந்து தங்குவார். இவர் வந்தார், இருபதாம் நாள் வளைகுடாவுக்குப் போனார். அங்கே ஒரு மளிகைக் கடையில் பதினெட்டு வருடம் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. அந்த நாட்களில் என்னைப் போல ஒரு மனைவி கிடைக்க மாட்டாள் என்று அவரே எல்லோரிடமும் சொல்வார். வேண்டியதைச் சமைப்பேன், கூடவே இருப்பேன், அவர் கிளம்பும்போது அழுவேன். அந்த அழுகை பொய்யில்லை. ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நவம்பரில் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். இனி ஊரோடு இருக்கப் போகிறேன் என்று வந்தார். நாற்பத்தைந்து நாள் எப்போதும் போலப் போனது. நாற்பத்தாறாம் நாள் காலையில் கண் விழித்தேன். அவர் பக்கத்தில் படுத்திருந்தார்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கை ஓங்கியதில்லை. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. நான் வேலை பார்க்கும் ஊர்ப்புற நூலகத்திலிருந்து வந்து பார்க்கும்போது சமையலறையில் டப்பாக்கள் எல்லாம் இடம் மாறியிருக்கும். கடையில் அடுக்குவதுபோலப் பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால், மூடியில் தேதி. உப்பு எங்கே என்று என் வீட்டில் நான் கேட்க வேண்டியிருந்தது. கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் நான் புத்தகம் படிப்பேன். அதில் அவர் உட்கார்ந்து, என்ன படிக்கிற, என்ன படிக்கிற என்று கேட்பார். பிரியமாகத்தான் கேட்பார்.

மார்ச் மாதம் ஒரு நினைப்பு வந்தது அவருக்கு. வைரக்கண்ணுவிடம் குத்தகைக்கு விட்டிருந்த வயலில் தானும் சேர்ந்து குறுவை போட வேண்டும். தினமும் காலையில் வயலுக்குப் போனார்.

"பாய் வரப்புல நடக்கிறதப் பாத்தா ஏர்போர்ட்ல பெட்டி தள்ளிட்டுப் போற மாதிரியே இருக்குங்கம்மா" என்று வைரக்கண்ணு சிரிப்பார்.

அந்த வரப்பில்தான் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். அவர் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். ரத்தக் குழாயில் அடைப்பு இருப்பதுபோலத் தெரிகிறது, ஒரு மாதத்துக்குள் ஆஞ்சியோ பார்த்துவிட வேண்டும், வெயிலில் அலையக் கூடாது, சுமை தூக்கவே கூடாது என்றார். கையில் ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவர், "என்னவாம்?" என்று கேட்டார்.

"கேஸ்" என்றேன்.

நான் யோசித்தது இதுதான். வைத்தியம் பார்த்தால் பிழைத்துக்கொள்வார். பிழைத்தவரை அதற்குப் பிறகு எந்த நாட்டுக்கும் அனுப்ப முடியாது. அந்த நாற்காலியில் இன்னும் இருபது வருடம் உட்கார்ந்திருப்பார். ரிப்போர்ட்டை நூலகத்தில் யாரும் கை வைக்காத வரிசைக்குப் பின்னால் செருகினேன். கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வேளை தவறாமல் கொடுத்தேன்.

என் சித்தி மகன் ஷஹ்பாஸ் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். போனில் கேட்டேன். "கம்பெனி விசான்னா ஊர்லயே மெடிக்கல் எடுக்கணும் லாத்தா. மச்சானை விசிட்ல அனுப்புங்க. அறுபது நாள் இருக்கு, அதுக்குள்ள இங்கேயே ஸ்டேட்டஸ் மாத்தி வேலை விசா அடிச்சிக்கலாம்" என்றான். மெடிக்கல் இல்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது.

அவருக்குப் போக மனமில்லை. தண்ணீர் திறக்கிற நேரத்தில் எப்படிப் போவது என்றார். போய்ப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம், டிக்கெட் போக வர இரண்டுக்கும் எடுத்திருக்கிறேன் என்றேன். தேதியைச் சொல்லச் சொல்லி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அறுவடைக்கு வந்துவிடலாம் என்று அவருக்குச் சந்தோஷம்.

டிராவல்ஸ் வைத்திருக்கும் சிங்காரவேலு என்னிடம் தெளிவாகவே சொல்லியிருந்தார். "நெசமா எடுக்கிறது போற டிக்கெட் மட்டுந்தாங்க. ரிட்டர்ன் இல்லாம திருச்சியில ஏத்த மாட்டான், அதனால கவுன்டர்ல காட்ட இந்தத் தாள். ரெண்டு நாள்ல அது தானா கேன்சல் ஆயிடும். பாய்கிட்ட சொல்லிடுங்க." சொல்லிவிடுகிறேன் என்றேன். பதினெட்டு வருடமாக டிக்கெட், விசா எல்லாம் நான்தான் பார்ப்பேன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து வாசிக்க வராது. அந்தத் தாளை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் பன்னிரண்டு மதியம் விமான நிலையத்திலிருந்து போன் செய்தார். ஷஹ்பாஸ் வேலை விசாவுக்கு எல்லாம் தயார் செய்திருந்தும், அவனிடம் சொல்லாமல் கிளம்பி வந்திருந்தார்.

"ஃபஹ்மிதா, இந்த டிக்கெட்டே இல்லங்கிறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. கேஸ் வேற ரொம்பப் படுத்துது. வேற ஒண்ணு போட்டு அனுப்பேன். வந்துடுறேன்."

"இப்ப வெளியே வந்துட்டா மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணுங்க. விசா முடியறதுக்குள்ள ஸ்டேட்டஸ் மாத்திடலாம்னு ஷஹ்பாஸ் சொல்றான். அவன் ரூமுக்குப் போங்க."

ஒலிபெருக்கியில் யார் யாரையோ விமானத்துக்கு அழைப்பது கேட்டது.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். வயலுக்குத் தண்ணி ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு" என்றேன். நான் வயல் பக்கம் போயே ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஷஹ்பாஸின் அறை நாலாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. எங்களுக்காக வாங்கிய சாமானோடு இருபத்தைந்து கிலோ பெட்டி. மூன்றாவது மாடிப் படியில் அவர் மூச்சில்லாமல் கிடந்ததாகச் சொன்னார்கள். பெட்டி கையில்தான் இருந்ததாம். ஜனாஸாவை ஊருக்கு அனுப்பட்டுமா என்று ஷஹ்பாஸ் அழுதுகொண்டே கேட்டான். அங்கேயே அடக்கிவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். உன் கேள்விக்குப் பதில் இதுதான், ஜெக்கரியா. நான் எடுத்தது ஒருவழி டிக்கெட்.

விதவையாக வெளியே போகாமல் இத்தாவில் இருந்த நான்கு மாதம் பத்து நாளும் வீடு அமைதியாக இருந்தது. டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தேன். மூடியில் இருந்த தேதிகளை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். நான் செய்ததில் கொடுமை என்று எதுவும் எனக்குப் படவில்லை. பதினெட்டு வருடம் அவரும் என்னை இப்படித்தான் விட்டுவிட்டுப் போனார். என்னால் முடிந்தவரை அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

இத்தா முடிந்ததும் வைரக்கண்ணு குத்தகை விஷயமாக வந்தார். டீ கொடுத்தேன். கிளாஸைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"பாய் இருந்தா இப்ப ரெண்டு கிளாஸ் குடிப்பாருங்கம்மா. வயக்காட்டுக்கு வந்தா மொதல்ல எங்க கடைத்தெருவுல பால் டீதான். ஏன் பாய், வீட்டுல குடுக்க மாட்டாங்களான்னு கிண்டல் பண்ணுவேன். அவங்க ரெண்டு பேருக்கும் அளவா வாங்குறாங்கப்பா, நடுவுல நான் வேற எதுக்குன்னு சிரிப்பாரு."

அவருக்குப் பால் பிடிக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ரிஃப்கா இப்போது மன்னார்குடியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நான் மட்டும்தான். பால் இப்போதும் அரை லிட்டர்தான் வாங்குகிறேன். தினமும் மீந்துபோகிறது.