எண்பதில் நின்ற முள்

அன்று டயர் கடையில் இருந்தவர்கள்: நான், என் அக்கா, அக்காவின் கணவர், அவர்களுடைய மகள். என் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். டயர் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. அளவைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

"மச்சான், ஒவ்வொரு பள்ளமும் நேரா என் முதுகெலும்புக்கு வந்து நலம் விசாரிச்சுட்டுப் போகுது. மெத்து மெத்துன்னு போற மாதிரி எதாவது போடு" என்றார் அத்தான்.

"வண்டிக்கு மெத்தை கேக்குறாரு. எனக்கு இதுவரைக்கும் ஒரு தலகாணி வாங்கித் தந்ததில்ல" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

என் மனைவி இறந்த விபத்தில் காரை ஓட்டியவர் அத்தான். கோர்ட் இரண்டு வருடச் சிறை விதித்து, அதை நிறுத்திவைத்தது. மறுபடி வேக வரம்பைத் தாண்டிப் பிடிபட்டால் உள்ளே போக வேண்டும். நெடுஞ்சாலையில் வரம்பு எண்பது. அன்றிலிருந்து மீட்டர் முள்தான் அவருக்குச் சாமி. மகள் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படிப்பாள். "எழுபத்தெட்டு... எண்பது. அப்பா, போதும்." உடனே காலை எடுத்துவிடுவார்.

நான் உயரமான டயர் போட்டேன். பக்கச்சுவர் உயர்ந்தால் குலுக்கல் குறையும். அவர் கேட்டதும் அதுதான். ஆனால் உயரமான சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடும். மீட்டருக்குச் சுற்றை எண்ணத்தான் தெரியும். அந்தக் காரில் முள் எண்பதில் நிற்கும்போது வேகம் எண்பத்தேழு. வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். நான் சொல்லவில்லை.

"கப்பல் மாதிரி போகுது மச்சான்" என்று போனில் சொன்னார்.

கொஞ்ச நாளில் நெடுஞ்சாலையில் போலீஸ் மறித்தது. அவர்கள் கருவியில் எண்பத்தேழு. எண்பதுதான் என்று குழந்தை அழுதிருக்கிறாள். அத்தான் நேராக என்னிடம் வந்தார்.

"மீட்டர்ல கோளாறான்னு பாரு. என் உயிரே இதுலதான் இருக்கு."

பார்த்துவிட்டு, மீட்டரில் கோளாறு இல்லை என்றேன். அது உண்மை. டயரில் வெடிப்பு விட்டிருக்கிறது, சும்மாவே மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் பழைய அளவையே மாட்டி அனுப்பினேன். பிறகு அதிகாரிகள் அந்தக் காரை ஓட்டிச் சோதித்தார்கள். முள் துல்லியமாக இருந்தது.

விசாரணையில் அரசுத் தரப்பு வக்கீல், அப்பாவுக்காகப் பொய் சொல்லக் கூடாது என்று குழந்தையிடம் கனிவாகச் சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சொல்வது சரி என்பதுபோலத் தலையசைத்தேன்.

"எனக்குச் சரியாத் தெரியல" என்றாள்.

விபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனைவிக்கு மூச்சுத் திணறியது. கடையில் கூட்டமாக இருந்ததால் நான் போகவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அத்தானைப் போனில் கூப்பிட்டு, "பறந்து போங்க, எவன் கேட்டாலும் நான் பதில் சொல்றேன்" என்றேன். பறந்தார். ஒரு வளைவில் கார் கம்பத்தில் மோதியது. அந்தப் போன் பேச்சைப் பற்றி அவர் கோர்ட்டில் வாயே திறக்கவில்லை. "உன்னையும் எதுக்கு இழுத்துவிடணும்" என்றார் பிற்பாடு. அதைச் சொன்ன நாளிலிருந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பதற்றத்தில் யாரும் சொல்கிற வார்த்தைதானே அது? வண்டியை மிதித்த கால் அவருடையது.

தெரிந்தேதான் செய்தேன். டயரைப் போட்டதும் கழற்றியதும் நான்தான். என் மனைவிக்காகச் செய்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அக்கா எழுந்திருக்கும் நிலையில் இல்லாததால், அத்தான் சரணடைய வேண்டிய நாளில் சிறைக்கு அவரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, நீ இருக்க மச்சான். இல்லைன்னா இவங்களை யார்கிட்ட விட்டுட்டுப் போவேன்?"

பையை அவர் கையில் கொடுத்தேன். குனிந்து உள்ளே போனார். காவலர் கதவைச் சாத்திப் பூட்டினார்.