தேறாத ஒரு சோதனை

காலையில் எழுந்ததும் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன். அது கொதிப்பதற்குள், இரவு கணினியில் ஓடிய நிரல் சோதனைகளின் முடிவைப் பார்ப்பேன். பிறகு பாலும் உப்பும் சேர்த்துக் குடிப்பேன். பெகிமாய் இருந்தபோதும் அப்படித்தான்.

அவள் என் மனைவி. பனிச்சரிவு ஆய்வாளர். மாதத்தில் பாதி நாள் பிஷ்கெக் நகருக்கு மேலே மலைக் குடிசையில் இருப்பாள். அங்கே இணையம் கிடையாது. அவளுடைய கணக்குகளோ ஒரு நிரல்மொழியில், பழைய கணித நூலகங்களை நம்பி எழுதப்பட்டவை. அந்த மொழியையும் நூலகங்களையும் பிரௌசருக்குள்ளேயே ஓடவைப்பது என் வேலை. பக்கத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும், டேப்லெட்டே சொல்லிவிடும். சரிவு தாங்கும் என்றால் பச்சை, தாங்காது என்றால் சிவப்பு.

ஒரு விருந்தில் அவள் சக ஊழியர்களிடம் சொன்னாள். “நம்ம தைலாக் ஒரு மொழியையே பிரௌசருக்குள்ள திணிச்சுட்டு இருக்கான். விட்டா டீ கொதிக்கற சமோவாரையும் உள்ள வச்சுருவான்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். அவள் என்னிடம் எதையுமே கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை என்பது மட்டும் அன்று உறைத்தது.

ஒரே ஒரு சோதனை தேறாமல் இருந்தது. கணக்கு முடியாமல் நின்றுபோனால் அதைச் சொல்ல வேண்டிய பகுதி வாயை மூடிக்கொண்டு, கணக்கைத் தொடங்கப் போட்டுக்கொண்ட ஊகத்தையே விடையாக நீட்டியது. ஊகம் எப்போதும் பச்சை. காற்று புதுப்பனியைக் குவித்த சரிவுகளில்தான் கணக்கு அப்படி நிற்கும். எங்கள் தொழிலில், தேறாத சோதனையின் பக்கத்தில் ‘அறிந்த பிழை’ என்று எழுதிவைப்பது வழக்கம். அதன்பிறகு அது உறுத்தாது. நானும் எழுதினேன். திருத்தம் என் கணினியில் தயாராகவே இருந்தது. அவளுக்கு அனுப்பவில்லை. விடை தவறாக வரட்டும், அவளே வந்து கேட்கட்டும் என்று இருந்தேன்.

கேட்டாள். சாட்டிலைட் போனில் கூப்பிட்டாள். இரவெல்லாம் காற்றாம். இறங்கும் வழியில் உள்ள சரிவைக் கையால் கணக்குப் போட்டால் தாங்காது என்று வருகிறதாம், என் பக்கம் பச்சை காட்டுகிறதாம். குடிசையில் ரொட்டி இருந்தது, இன்னும் சில நாள் தங்கியிருக்கலாம்.

“எதை நம்பறது, சொல்லு,” என்றாள்.

கிண்ணத்தில் தேநீரை ஊற்றிக்கொண்டேன். அவள் காத்திருந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

“உன் கைக்கணக்குதான் எங்கயோ நழுவியிருக்கும். பச்சைன்னா பச்சைதான்,” என்றேன்.

அன்று மாலையே திருத்தத்தைச் சேர்த்தேன். இந்த விசாரணைக்காக உங்கள் நிபுணர்கள் பார்த்துக் குறை இல்லை என்று எழுதியது திருத்திய அந்த நிரலைத்தான். அவளோடு புதைந்த டேப்லெட் பனிக்கடியில் நொறுங்கிவிட்டது. நான் யாரையும் தள்ளவில்லை, ஐயா. கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

அவள் அம்மாவிடம், ‘கடைசியாக உங்கள் முழங்கால் வலியைத்தான் விசாரித்தாள்’ என்று சொல்லிவைத்திருக்கிறேன். அந்த அம்மாளுக்கு அது ஆறுதலாக இருக்கிறது. உண்மையில் பெகிமாய் கடைசியாகச் சொன்னது வேறு.

“நல்லவேளை, உங்கிட்ட கேட்டேன்.”