போர்வைக்கு ஒரு ஏணி

இல்ல அண்ணாச்சி, இந்த ஏணிக் கதைய நான் கண்ணால பாக்கல. என் கூட்டாளி போன்ல சொன்னதுதான். கேள்விப்பட்டதப் பாத்த மாதிரி சொல்லப்படாது பாருங்க, அதான் மொதல்லயே சொல்லிருதேன்.

அந்த மாலைய இங்கன குடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன். பஸ்ஸு ஆடுத ஆட்டத்துல நசுங்கிரும். ஒங்க அண்ணனுக்கா? அடடா. காலையிலதான் சாவுத் தாக்கல் வந்துச்சோ? ரொம்ப வருசமா பேச்சுவார்த்தையே கெடையாதா? எதுக்கு? மக கல்யாணத்துக்கு நேர்ல வந்து அழைக்காம வாட்ஸப்புல பத்திரிகைய அனுப்பிட்டாரா! கூடப் பொறந்த தம்பிக்கு வாட்ஸப்பா? நீங்க அவரு வாசல மிதிக்காம இருந்தது நியாயம். சாவுக்கு மட்டும் யாரும் அழைக்க வேண்டாம், நாமளா போயிரலாம். அதுவும் வாஸ்தவந்தான்.

சரி, அழாதிய. மனசு ஆறுதலுக்கு அந்த ஏணிக் கதையச் சொல்லி முடிச்சிருதேன். ஏறுத ஏணி இல்ல, ஏறுனா முறிஞ்சிரும். சும்மா சொவத்துல சாத்தி வச்சு, படியில போர்வைய மடிச்சுத் தொங்கப் போடணும். அழகுக்கு. சிரிக்கிய பாத்தியளா, நானும் அப்படித்தான் சிரிச்சேன். நம்ம ஊரு வெக்கையில போர்வையே ஆடம்பரம், அதுக்கு ஏணி வேறயாலேன்னு கேட்டேன். என்ன செய்ய, என் கூட்டாளிக்கு அடுத்த மாசம் கல்யாணம். பொண்ணு போன்ல ஒரு படத்த அனுப்பி, நம்ம ரூம்புல இப்படி ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்னு சொல்லிட்டா. பய அன்னைக்கே தச்சனாயிட்டான்.

கடையில தேக்குல செய்ய வெல கேட்டிருக்கான். அந்த வெலைக்குக் கட்டிலே வாங்கிரலாம். சரி, வீட்லயே செய்வோம்னு வீடியோ பாத்தான். வெள்ளக்காரன் ஒருத்தன் செய்யுதான். ரெண்டு நெட்டுக் கம்பு, குறுக்க நாலஞ்சு கட்டை, தேச்சு வார்னிஷ் அடிச்சா முடிஞ்சுது சோலி. இவன் சிக்கனக்காரன், மரத்துக்குப் பதிலா பச்ச மூங்கில வாங்கியாந்துட்டான். ஆணி அடிச்சா மூங்கில் பொளக்குது. எங்க ரெண்டு பேரு வீட்லயும் நாங்கதான் மொத டிகிரி அண்ணாச்சி, மூங்கில்ல ஆணி எறங்காதுன்னு எந்தப் பாடத்துலயும் வரல. அதனால குறுக்குக் கம்பையெல்லாம் கயிறு வச்சுக் கட்டுதான். வீட்டுக்குள்ள எடம் பத்தல. தெருவுல, வாசலுக்கு நேர, தரையில போட்டுக் கட்டுதான். விடியக்காலையில.

ஆமா, அதேதான்! ஒங்களுக்கு ஒடனே பிடிபட்டுட்டு, அந்தப் படிச்ச முட்டாளுக்குப் பிடிபடல. வாசல்ல பச்ச மூங்கிலப் போட்டு ஒருத்தன் குறுக்க குறுக்கக் கட்டுனா நம்ம ஊர்ல அது பாடையில்லாம வேற என்ன?

எதுத்த வீட்டுத் தங்கத்தாய் அக்கா தண்ணி பிடிக்க வந்தவ பாத்துட்டா. வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தா, பையனோட அப்பா காய்ச்சல்ல தலையோட காலா வேட்டியப் போத்திக்கிட்டு நீட்டி நிமிந்து படுத்திருக்காரு. கொடத்தப் போட்டுட்டு வச்சா பாருங்க ஒப்பாரி! நாலு வீட்டுப் பொம்பளைய வந்து சுத்தி உக்காந்துட்டாவ. பக்கத்து வீட்டுக்காரரு சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பிச்சிட்டாரு. சாமியானாப் பந்தலுக்குக் கம்பு வந்து எறங்குது. இவன் கடேசி முடிச்சப் போட்டுக்கிட்டு, எதுக்கு எல்லாரும் என் ஏணியப் பாத்து அழுதாவன்னு முழிக்கான்.

கேளுங்க, இனிமத்தான் ருசியே. சத்தத்துல முழிச்ச மனுசன், துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு, பைய வாசலுக்கு வந்து, ஏலே யாருலே போயிட்டதுன்னு கேட்டாராம். சரி, யாரோ வேண்டப்பட்டவுகன்னு அவரும் கூட்டத்தோட நின்னு கண்ணத் தொடச்சாராம்! தங்கத்தாய் அக்கா அந்த எடத்துலயே மயங்கி விழுந்துட்டா.

பேரா? பேரு எதுக்கு அண்ணாச்சி. எந்த ஊரா? அது... இருங்க, சேரன்மாதேவி வந்துட்டு. ஆளு ஏறட்டும். இந்தாங்க, தண்ணி குடிங்க. நல்லா மெதுவா குடிங்க. ம், வண்டிய எடுத்துட்டான்.

இப்ப சொல்லுதேன். பையன் பேரு செந்தில்முருகன். ஊரு அம்பாசமுத்திரம். ஆமா, ஒங்க அண்ணன் மகன்தான்.

எந்திரிக்காதிய, உக்காருங்க! இந்த வண்டி இனி வீரவநல்லூர்ல கூட நிக்காது, நேரா அம்பைதான். கண்டக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் ஏறுனேன். என் பேரு எபி, செந்தில் கூடப் படிச்சவன். ஒங்க பக்கத்து சீட்டு எனக்குத் தானா கெடைக்கல, மாலைய அடையாளம் வச்சுத் தேடி வந்து உக்காந்தேன். பக்கத்து வீட்டுக்காரரு தப்பாச் சொன்னதுக்குச் சரியான தாக்கலச் சொல்ல செந்தில் ஒங்க வீட்டுக்குப் போன் போட்டிருக்கான். நீங்க நெல்லை பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்பிட்டியன்னு ஒங்க வீட்டம்மா சொல்லிட்டாவ. அதக் கேட்ட ஒங்க அண்ணன், ஏலே, நான் சாவலன்னு தெரிஞ்சா அவன் பாதி வழியிலயே எறங்கிருவான், மூச்சு விடாதன்னு சொன்னாராம். நெல்லையில இருக்க என்னைத்தான் செந்தில் ஒங்க கூட ஏறச் சொன்னான், ஆனா எனக்குப் பொய் சொல்ல வராது அண்ணாச்சி. சேரன்மாதேவி தாண்டுன பெறவு உண்மையச் சொல்லுதேன்னு மட்டுந்தான் ஒத்துக்கிட்டேன்.

அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போகன்னு கேக்கிய. சரிதான். மகன் கல்யாணத்துக்குத் தம்பிய நேர்லயே அழைக்கணும்னு ஒங்க அண்ணன் காய்ச்சலோட பஸ் ஸ்டாண்டுக்கே கெளம்பிட்டாருன்னு செந்தில் சொன்னான். நான் அத நம்பிறல. போட்டோ அனுப்புலேன்னு கேட்டு, இப்பதான் பாத்தேன். அம்பை பஸ் ஸ்டாண்டு, டீக்கடை வாசல், தலையில மப்ளரு. நிக்காரு அண்ணாச்சி.