பாகீரதி கை தூக்காத தீர்மானம்

நகரசபைக் கூட்டங்களில் எனக்குப் பிடித்தது நடுவில் தருகிற மத்தூர் வடைதான். மற்றதெல்லாம் சீக்கிரம் அலுத்துவிடும். குழாய், சாக்கடை, தெருவிளக்கு என்று மாதாமாதம் அதே பேச்சு. வடை வந்துவிட்டால், அதுவரை மேஜையைத் தட்டிச் சண்டை போட்டவர்கள்கூட ஒரே தட்டில் கை வைப்பார்கள். நானும் கோவிந்தண்ணாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அப்படித்தான் சார் உட்கார்ந்திருந்தோம். பெரிய வடையை என் பக்கம் தள்ளி வைப்பார்.

இன்ஸ்பெக்டர் சார், உங்களுக்குச் சொந்த ஊர் கோலார் என்று வெளியே சொன்னார்கள். அப்படியானால் தமிழ் நன்றாகப் புரியும். தமிழிலேயே சொல்கிறேன். கன்னடம் எனக்குச் சரளம்தான், ஆனால் அது என் கவுன்சில் பாஷை ஆகிவிட்டது. அதில் பேசினால் கொஞ்சம் பொய் கலந்துவிடும். என்னை யாரும் இங்கே அழைத்து வரவில்லை, நானாகத்தான் ஆட்டோ பிடித்து வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர் அர்ஜுனன் இதே ஸ்டேஷனில் கான்ஸ்டபிளாக இருந்தவர். நீங்கள் வருவதற்கு முந்தைய கதை. ஊர் வளர்ந்துகொண்டே இருந்தது. சந்தாபுரா ரோட்டில் ஃபாக்டரிகள் வந்தன, லேஅவுட்டுகள் வந்தன, ஒயின் ஷாப்புகள் வந்தன. ஸ்டேஷனில் மட்டும் ஆள் கூடவில்லை. தொண்ணூற்று மூன்றில் மேலிடத்திலிருந்து ஒரு யோசனை வந்தது. கூடுதலாகப் போலீஸ்காரர்களைத் தருகிறோம், ஆனால் சம்பளத்தில் ஒரு பங்கை முதல் சில வருடம் நகரசபை ஏற்க வேண்டும் என்றார்கள். அதை விவாதிக்கக் கூட்டம் போட்டார்கள். அன்று ஹால் வாசலில் பாரா நின்றது என் கணவர்தான்.

கோவிந்தண்ணா, அதாவது கோவிந்தப்பா, அப்போது நிதிக் குழுத் தலைவர். வீட்டு வரியை ஏற்ற விடமாட்டேன் என்று எழுந்தார். "நம்ம ஊருல நாய் கொரைக்குது. அது போதாதா? நாய்க்கு யூனிபார்ம் தெச்சுப் போட்டு சம்பளமும் குடுக்கணுமா?" என்று கேட்டார். ஹாலே சிரித்தது. தீர்மானம் அந்தச் சிரிப்பிலேயே போயிற்று.

என் கணவர் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே இதைச் சொன்னார். "நல்லாத்தான் பேசறாருடி மனுசன். நானே சிரிச்சிட்டேன்." அவர் அப்படித்தான். தன்னைக் கேலி செய்தாலும் கேலி நன்றாக இருந்தால் ரசிப்பார்.

அதே வருடம் சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டில் இரண்டு கும்பலுக்குள் அடிதடி. ஸ்டேஷன் ஆட்களெல்லாம் சிட்டியில் ஏதோ மந்திரி பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். இருந்தது என் கணவரும் பதிவேடு எழுதுகிற ரைட்டரும். ரைட்டர் ஸ்டேஷனை விட்டு நகரக்கூடாது. இவர் லத்தியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். சண்டை போட்ட இரண்டு கும்பலும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. செங்கல்லால் அடித்தார்கள். பஸ் ஸ்டாண்ட் முழுக்க ஜனம் இருந்தது. பஸ்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. எனக்கு யாரோ வந்து சொல்லி நான் ஓடிப்போனபோதும் அவர் அங்கேயேதான் கிடந்தார்.

கோவிந்தப்பா பெரிய மாலையோடு வந்தார். அழுதார். நிஜமான அழுகை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "அய்யோ, ஒத்தையா ஏன்மா போனாரு? இன்னும் ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே," என்றார்.

இந்தக் கேள்வியை நான் நிறைய யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். குத்திக் காட்டியிருந்தால் அன்றைக்கே அவர் முகத்தில் துப்பிவிட்டு, அதோடு விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

தொண்ணூற்றாறில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். வீட்டுக்கு வந்து என்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னவரே கோவிந்தண்ணாதான். "நீ என் தங்கி மாதிரி, கூடப் பொறந்தவ மாதிரி," என்றார். பிரச்சாரத்துக்கு அவருடைய ஜீப்பைக் கொடுத்தார். ஜெயித்தபின் எந்த விஷயத்தை எப்போது எழுப்புவது, எப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று சொல்லிக்கொடுத்தார். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு ஏற்கனவே தெரியும். அவர் மனைவி யசோதா அண்ணி அவரைக்காய்க் காலம் வந்தால் எனக்கென்று தனியாகச் சோற்றுக்குச் சாறு வைத்து அனுப்புவார். மகன் தினேஷ் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவான். சாதுவான பையன். ஊருக்குள் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தான்.

கேபிள் தொழில் அப்போது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். கிஷோர் என்று ஒருவன் ஈஜிபுராப் பக்கமிருந்து வந்து இங்கே ஒயர் இழுக்க ஆரம்பித்தான். தினேஷின் ஒயர்களை அறுத்தான், அவனுடைய ஆட்களை அடித்தான். தினேஷ் இங்கே வந்து புகார் கொடுத்தால், விசாரிக்க ஆள் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

போன வருடம் கோவிந்தண்ணா பழைய யோசனையைத் தானே தூசி தட்டி எடுத்தார். ஊருக்குக் கூடுதல் போலீஸ் வேண்டும், நகரசபை செலவை ஏற்க வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் என் வீட்டுக்கு வந்தார். "நீ பேசினா யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க தங்கி. நீ பட்ட கஷ்டம் ஊருக்கே தெரியும்," என்றார். சரி அண்ணா, பேசுகிறேன் என்றேன்.

விவாதம் நீண்டது. பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. வீட்டு வரியோடு செஸ் என்று கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்கலாம் என்றார் ஒருவர். "வரிய ஏத்தினா அடுத்த எலெக்‌ஷன்ல நம்மள தெருவுக்குள்ளயே விடமாட்டாங்க சாமி," என்றார் இன்னொரு உறுப்பினர் சிரில். பஸ் ஸ்டாண்ட் கடைகளை மறு ஏலம் விடலாம் என்றார்கள். ஏரிக்கு வேலி போடுவதைத் தள்ளி வைக்கலாம் என்றார்கள். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். அப்போது கோவிந்தண்ணா என்னைக் கை காட்டினார். "இந்தம்மா சொல்லட்டும். இவங்களவிட யாருக்குத் தெரியும்?"

நான் எழுந்து, தண்ணீரைப் பற்றிப் பேசினேன். எங்கள் வார்டில் பெண்கள் போர்வெல் குழாயடியில் நிற்கிற வரிசையைப் பற்றிப் பேசினேன். ஏலப் பணமோ வரிப் பணமோ, எது வந்தாலும் முதலில் குழாய்க்குப் போகட்டும் என்றேன். என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கடைசியாக, கோவிந்தண்ணாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அன்று அவர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் சொன்னேன். நாய் குரைப்பதையும், யூனிபார்மையும், சம்பளத்தையும். ஹால் மறுபடி சிரித்தது.

கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கவில்லை. ஒரே ஓட்டில் தீர்மானம் தோற்றது.

இதுவரை நான் சட்டத்துக்கு விரோதமாக எதுவும் செய்யவில்லை. கை தூக்காமல் இருப்பது உறுப்பினரின் உரிமை. அதோடு நிறுத்தியிருப்பேன் சார். மறுநாள் அவர் என் வீட்டுக்கு வந்திருக்காவிட்டால் கண்டிப்பாக நிறுத்தியிருப்பேன்.

கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தேன். காபி கேட்டு வாங்கிக் குடித்தார். "தண்ணியும் முக்கியம்தான். நீ சொன்னதுல நியாயம் இருக்கு தங்கி. இன்னொரு தரம் கொண்டு வரலாம் விடு," என்றார். பிறகு சிரித்தார். "அந்த நாய் விஷயம் ஒண்ணு சொன்னியே, சூப்பரா இருந்துச்சு. எங்க புடிச்ச அத?"

அவருக்கு ஞாபகமே இல்லை. என் கணவர் செத்தது எதனால் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேனோ, அது அவர் மனதில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அப்போதுதான் மற்றது தேவைப்பட்டது.

தீர்மானம் தோற்றதற்கு நன்றி சொல்ல கிஷோர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். உட்கார வைத்து டீ கொடுத்தேன். ஏரி வேலியைத் திறந்து வைக்க மந்திரி வருகிறார், அன்று மத்தியானம் ஸ்டேஷன் மொத்தமும் ஏரிக்கரையில்தான் இருக்கும் என்றேன். பேச்சுவாக்கில் சொன்னதுதான். கொஞ்ச நேரம் கழித்து, தினேஷ் அன்று என் வீட்டுக்கு வருவான் என்றும் சொன்னேன். கிஷோர் டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் யாரையும் கொல்லச் சொல்லவில்லை. ஆனால் அவன் வெறுங்கையோடு வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று காலை மாடிக்குப் போய் கேபிள் ஒயரைக் காய் நறுக்குகிற கத்தியால் அறுத்தேன். நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்தது. பிறகு தினேஷுக்குப் போன் செய்தேன். டிவி வரவில்லை, உன் ஆட்கள் வந்தால் சரியாகப் பார்ப்பதில்லை, நீயே வா என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கை கழுவிவிட்டு வந்தான். வீணா, அவன் பெண்டாட்டி, எனக்குக் கொஞ்சம் பயத்தம்பருப்புக் கோசம்பரி கொடுத்து அனுப்பியிருந்தாள்.

மாடியிலிருந்து குரல் கொடுத்தான். "அத்தை, ஒயர் கத்தியில அறுத்த மாதிரி இருக்கு." இறங்கி வரும்போது தெரு முனையில் கிஷோரின் ஆட்களைப் பார்த்துவிட்டான். ஓடியிருக்கலாம், பின்பக்கம் சந்து இருக்கிறது. ஒயரை அறுத்தது அவர்கள்தான் என்றும், என் வீட்டில் ஏதாவது செய்துவிடுவார்கள் என்றும் நினைத்துவிட்டான் போல. "நீங்க உள்ள போய்க் கதவச் சாத்திக்கோங்க அத்தை. நான் பேசிக்கறேன்," என்றான்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பக்கத்து வீட்டார் ஸ்டேஷனுக்குப் போன் செய்திருக்கிறார்கள். ரைட்டர் எடுத்து, ஆள் இல்லை என்றிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. சத்தம் நின்ற பிறகு கோசம்பரியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, வீணாவின் டப்பாவைக் கழுவி வைத்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டுமே.

அடுத்த கூட்டத்தில் பணம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. செஸ், ஏலம் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள். முதலில் கை தூக்கியது நான். இப்போது ஊருக்குள் புதிய போலீஸ்காரர்கள் இரண்டிரண்டு பேராகப் போகிறார்கள். அதைப் பார்க்கும்போது மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

கிஷோரின் ஆட்களை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். என் பெயரை அவர்கள் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். பிறகு ஏன் வந்தேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? தினேஷின் துக்கத்துக்குப் போனபோது கோவிந்தண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குத்தான் தங்கி இந்த வேதனை புரியும்," என்று அழுதார். இத்தனைக்குப் பிறகும் அவருக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாமலே அழுதுகொண்டிருந்தால் நான் செய்ததற்கு என்ன அர்த்தம்?

வெளியே பெஞ்சில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். நான் ஸ்டேஷனுக்கு வந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு விதவையைப் போலீஸ் எதற்குத் தொந்தரவு செய்கிறது என்று கேட்க வந்திருக்கிறார். எனக்காக வக்கீலுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறாராம். அவரை உள்ளே கூப்பிட்டு, எழுதியதை முதலிலிருந்து படித்துக் காட்டுங்கள். கன்னடத்தில், நிதானமாகச் சொல்லுங்கள். அவருக்குத் தமிழ் தெரியும், ஆனால் தமிழில் ஏதாவது விட்டுப்போய்விடும். நாற்காலியை இப்படித் திருப்பிப் போடுங்கள், எனக்கு அவர் முகம் தெரிய வேண்டும். அவ்வளவுதான் சார். மற்றபடி எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது.