இறக்கத்துக்குப் பூட்டு

மலைக்கு லாரி வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பார்த்துத்தான் ஏமாந்து போகிறார்கள், ஐயா. உறுமுகிற சத்தத்திலேயே மயங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பின் அச்சை. அச்சின் நடுவே குடம் போலப் புடைத்திருக்கிறதே, அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிறவன்தான் வண்டி தெரிந்தவன். தாங்கள் மகஜரில் ‘பின் அச்சு முறிந்து விபத்து’ என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைத் திருத்தத்தான் கொல்லிமலையிலிருந்து துறையூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்திருக்கிறேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அந்த அச்சை மாட்டியவன் நான். பெயர் குழந்தைசாமி, ஊர் வாழவந்தி நாடு, தொழில் மோட்டார் பிட்டர். அச்சு ஒடிந்து வண்டி விழவில்லை. வண்டி விழுந்துதான் அச்சு ஒடிந்தது. ஒடிந்த முனையைப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். கரும்பை முறுக்கிப் பிய்த்தால் நார் திரிந்திருக்கும். முழங்காலில் வைத்து ஒடித்தால் வெட்டினாற்போல இருக்கும். இது பாறையில் மோதி வெட்டினாற்போல ஒடிந்தது. என் வேலையில் ஒரு குறையும் இல்லை. இதை முதலில் எழுதிக்கொண்டீர்களானால் மற்றதைச் சொல்வது எனக்குச் சுலபம்.

குடத்துக்குள் இருப்பதன் பெயர் டிபரன்ஷியல். களத்தில் சாமைத்தாளை மிதிக்க மாடுகளைப் பிணைத்துச் சுற்றவிடுகிறோம். உள்மாடு நின்ற இடத்திலேயே காலை மாற்றி வைக்கும், வெளிமாடு எட்டி நடக்கும். வளைவில் லாரியின் பின் சக்கரங்களுக்கும் அதே கதைதான். ஒன்று மெதுவாகவும் ஒன்று வேகமாகவும் போக விடுவது டிபரன்ஷியலின் வேலை. ஆனால் அந்தத் தாராள மனசில் ஒரு கெடுதல் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டால் எஞ்சினின் பலமெல்லாம் அதற்கே போய், அது வீணாகச் சுற்றும். கெட்டித் தரையில் நிற்கும் மற்றது வேடிக்கை பார்க்கும். அப்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். சேறு தாண்டியதும் திறந்துவிட வேண்டும். திறக்காமல் வளைவில் திருப்பினால், பிணைத்த மாடுகள் இரண்டும் ஒரே எட்டுத்தான் வைப்பேன் என்று அடம்பிடித்த மாதிரி ஆகும். முன் சக்கரம் திரும்பியிருக்கும்; வண்டி நேராகப் போகும்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டபோது எங்கள் காண்ட்ராக்டர் ஒரு லாரி எடுத்தார். புளியஞ்சோலைப் பக்கமிருந்து எங்கள் ஊர் வழியாக மரம் வெட்டும் இடம் வரைக்கும் அவரே ஒரு தடம் போட்டிருந்தார். அதை ரோடு என்று சொன்னால் ரோட்டுக்குக் கோபம் வரும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. என்னையும் ஏலக் கொட்டகைக்கு அழைத்துப் போய், “மலைக்காரன் நீ. எந்தப் பூட்டு வேணும்னு நீயே பொறுக்கிக்க,” என்றார்.

நிதானமாகப் பொறுக்கினேன். உள்ளே இருக்கும் பல்சக்கரங்களைப் பற்றவைத்து ஒரேயடியாகப் பூட்டிவிடுவது ஒரு வழி. செலவில்லாத வேலைதான், ஆனால் முதல் வளைவிலேயே குட்டு உடைந்து பிட்டர் திட்டு வாங்குவான். அதனால் அது வேண்டாம். ஒரு அமெரிக்க லாரியில் வேறொரு சாமான் இருந்தது. சேறு வந்தால் தானே பூட்டிக்கொள்ளும், வளைவு வந்தால் தானே விட்டுக்கொடுக்கும். அருமையான சாமான், ஐயா. ஓட்டுகிறவன் ஒன்றும் தெரியாதவனாக இருந்தாலும் அதற்கு எல்லாம் தெரியும். கையில் எடுத்து எண்ணெயைத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். கடைசியாக, பீரங்கி இழுக்கிற வண்டியின் பின் அச்சு ஒன்று கிடந்தது. அதற்கு சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வரும். இழுத்தால் பூட்டும், தள்ளினால் திறக்கும். கை சொன்னதைக் கேட்கும்.

அதைத்தான் எடுத்தேன். காண்ட்ராக்டர் காரணம் கேட்டார்.

“தெரிஞ்ச கைக்கு இதுதானுங்க நல்லதுங்க,” என்றேன்.

என் கை தெரிந்த கை. பர்மா எல்லையில் மழை பிடித்துக்கொண்டால் பூமியே கூழாகிவிடும். அந்தக் கூழில் பட்டாளத்து லாரிகளைப் பழுதும் பார்த்து ஓட்டியும் வந்தவன் நான். அதற்கு முன்னால், நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மிளகு மூட்டையையும் பலாப்பழத்தையும் தலையில் சுமந்து இந்த மலையை ஏறி இறங்கியிருக்கிறேன். கீழ்நாட்டுச் சந்தையில் எங்களைக் கண்டால், வேர்வை நாற்றம் என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை என் ஊருக்குள் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. லாரியை நான்தான் ஓட்டி வருவேன் என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன்.

காண்ட்ராக்டர் ஸ்டியரிங்கைச் சின்னையனிடம் கொடுத்தார். புளியஞ்சோலை அடிவாரத்துக்காரர், முக்கால் ஆயுசு மாட்டுவண்டி ஓட்டியவர், யுத்த காலத்தில் யாரிடமோ லாரி பழகி லைசென்சு வாங்கியவர். சமவெளியில் நன்றாகவே ஓட்டுவார். “நீ அந்த ஊர்க்காரன். வழியில பாக்கறவனையெல்லாம் மாமன் மச்சான்னு ஏத்திக்குவே,” என்று காண்ட்ராக்டர் எனக்குக் காரணம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

முதல் தடவை லாரி மலையேறிய நாளில் நான் பின்னால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தேன். சேறு வந்த இடத்திலெல்லாம் குதித்து முன்னால் ஓடி, கதவு வழியே கையை விட்டுக் கைப்பிடியை இழுத்தேன். தாண்டியதும் தள்ளிவிட்டேன். சின்னையனுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஊர் எல்லையில் மாலையும் மேளமுமாகக் கூட்டம் நின்றது. மாலை சின்னையன் கழுத்துக்குப் போயிற்று. ஓட்டி வருகிறவனுக்குத்தானே மாலை போடுவார்கள்? எங்கள் ஊர்க் கண்ணாயிக்கு வாய் சும்மா இருக்காது. என்னை அண்ணாந்து பார்த்து, “ஏஞ்சாமி, நீ லாரிய ஓட்டிக்கிட்டு வாரேன்னு சொன்னே. லாரிதானே ஒன்னைய ஓட்டிக்கிட்டு வருது?” என்றாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. மேளக்காரன்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

சின்னையன் சிரிக்கவில்லை. மாலையைக் கழற்றி, நான் இறங்கியதும் என் கழுத்தில் போட்டார். “தம்பி இல்லீன்னா வண்டி பாதி வழியிலயே படுத்திருக்குமுங்க. மாலை தம்பிக்குத்தானுங்க,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அவர் நல்லவர், ஐயா. அதை மறுத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் கண்ணாயியின் கேலியை மறந்தாலும் மறப்பேன், அந்த மாலையை மறக்க முடியாது. எனக்கு வர வேண்டியதை எனக்கே பிச்சை போட்டார். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை லாரி கீழே இறங்க வேண்டும். மரம் அறுக்கும் எஞ்சினைப் பார்க்க வேண்டியிருப்பதாகச் சொல்லி நான் மேலேயே தங்கிவிட்டேன். புறப்படும் முன் சின்னையன் என்னிடம் வந்தார். மாட்டுவண்டிக்காரர்கள் இறக்கத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுக் கட்டுவார்கள். சக்கரம் சுற்றாமல் உரசிக்கொண்டே வண்டி மெல்ல இறங்கும். அதற்கும் அவர்கள் பூட்டு என்றுதான் சொல்வார்கள். ஆயுசெல்லாம் அந்தப் பூட்டை நம்பி இறங்கியவர் கேட்டார்.

“ஏனுங்க தம்பி, நேத்து ஏத்தத்துல வண்டி பின்னால நழுவாம இந்தப் பூட்டுத்தானுங்களே புடிச்சுது? அப்ப இறக்கத்துக்கும் இதைத்தானுங்க போடோணும்?”

“ஆமாங்க,” என்றேன்.

தாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிகிறது. எங்கள் பக்கத்து ‘ஆமாங்க’வைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டும். அது சம்மதம் இல்லை, சாட்சி இல்லை. காது கொடுத்துக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு மரியாதை. மழை வரும் என்றாலும் ஆமாங்க, வராது என்றாலும் ஆமாங்க. பெரியவர் ஒருவர் ஒன்றைச் சொல்லும்போது முகத்தில் அடித்தாற்போல இல்லை என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக என்னைத் தூக்கில் போட எந்தச் சட்டத்திலும் இடமிருக்காது.

ஆனால் வாக்குமூலம் என்று வந்தபிறகு அரைகுறையாகச் சொல்லக் கூடாது. ஆமாங்க என்றதோடு நான் நிறுத்தவில்லை. “கீழ போயிச் சேர்ற மட்டும் எடுத்துராதீங்க,” என்றும் சொன்னேன். கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

முன்னே சொன்னதிலும் ஒரு திருத்தம் வேண்டும். ஸ்டியரிங் சின்னையனுக்கு என்பதைக் காண்ட்ராக்டர் ஏலத்துக்குப் போகும் வழியிலேயே சொல்லிவிட்டார். தெரிந்த கைக்கு நல்லது என்று நான் சொன்னபோது, தெரியாத கை எது என்பதும் எனக்குத் தெரியும். தானே பூட்டித் தானே திறக்கும் சாமான் அவரைக் காப்பாற்றியிருக்கும். பற்றவைத்த பூட்டு என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். கைப்பிடியில் வரும் பிசகு மட்டும்தான் ஓட்டுகிறவன் கையைச் சேரும்.

சாகட்டும் என்று நினைத்தாயா என்று கேட்பீர்கள். அப்படி இல்லை. முதல் வளைவில் பாறையோரம் ஈர மண் குவிந்து கிடந்தது. அதில் மூக்கை முட்டிக்கொண்டு வண்டி நிற்கும். மேலே ஆள் அனுப்புவார்கள். நான் போய், கண்ணாயி பார்க்க, எல்லாரும் பார்க்க, கைப்பிடியைத் தள்ளிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து வண்டியை எடுத்துப் போவேன். அதற்குமேல் நான் எதுவும் நினைக்கவில்லை என்றுதான் அன்று முதல் எனக்கு நானே சொல்லி வருகிறேன்.

ஏறியவர்களை நான் கூப்பிடவில்லை. மரம் இன்னும் அறுத்தாகவில்லை, லாரி காலியாகத்தானே போகிறது, சந்தைக்கு வருகிறவர்கள் ஏறிக்கொள்ளுங்கள் என்று சின்னையன்தான் கூப்பிட்டார். மாமன் மச்சானை ஏற்றுவான் என்று யாரைச் சொன்னார்களோ அவன் ஏற்றவில்லை. கண்ணாயி ஏறினாள். கருப்பண்ணன் மிளகு மூட்டையோடு ஏறினார். யார் யார் ஏறினார்கள் என்று தங்களிடம் பட்டியல் இருக்கும். நான் எண்ணவில்லை.

பின்னால் அத்தனை பாரம் ஏறினால் வண்டியின் முன்பக்கம் லேசாகிவிடும். லேசான முன் சக்கரம் சரளையில் இன்னும் நன்றாகச் சறுக்கும். முதல் வளைவு அகலம் அதிகம் என்பதால் எப்படியோ சுற்றிக்கொண்டு போய்விட்டது. நேர்த்தடத்தில் பூட்டு வண்டியை அலையவிடாது. சின்னையனுக்குத் தைரியம் வந்திருக்கும். வழுக்குப்பாறை வளைவு குறுகலானது. அவர் கடைசி வரைக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பித்தான் பிடித்திருந்தார் என்று சக்கரங்கள் கிடந்த கோலம் சொல்கிறது. கைப்பிடி இழுத்தபடியே இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷர்.

மாட்டுவண்டிக்காரனிடம் லாரியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு காண்ட்ராக்டர், அச்சு மட்டமான சாமான், பிட்டர் ஏமாந்துவிட்டான் என்று தங்களிடம் சொல்லியிருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஊரில் ஒருத்தி மட்டும் இரண்டையும் நம்பவில்லை. என் தங்கை பெருமாயி. அவளும் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறியிருந்தாள். நான்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். “நீ நடந்தே போ கண்ணு. இன்னொரு நாளைக்குப் போலாம்,” என்றேன். லாரியில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவள், எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள். குறுக்குப் பாதையில் நடந்து இறங்கியபோது, மேலே வளைவில் நடந்ததைப் பார்த்தவள் அவள்தான். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நேற்று என் வீட்டு வாசலில் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஏண்ணா, என்னை எதுக்கு எறக்கிவிட்டே?”

கூட்டமாக இருந்தது, கைக்குழந்தைக்காரி நசுங்கிவிடுவாயே என்று இறக்கினேன் என்றேன். தாங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவள் இறங்கிய இடத்தில் ராசம்மாள் ஏறினாள். அவளிடமும் கைக்குழந்தை இருந்தது. அவள் ஏறி உட்காருகிற வரைக்கும் குழந்தையை வைத்திருந்து, மேலே தூக்கிக் கொடுத்தது நான்தான்.